இடது காலின் பெருமை

தியாகராசனின் பழைய பிக்கப் வண்டி ஊரில் ஒரே ஒரு காலுக்குத்தான் கட்டுப்படும். அது தியாகராசனின் இடது கால். கிளட்ச் அப்படித் தேய்ந்திருந்தது. மிதித்தால் கல், விட்டால் ஒரே குலுக்கல். வேறு யார் ஏறினாலும் களத்தைத் தாண்டாமல் அணைந்துவிடும். மனுஷருக்கு அதில் எவ்வளவு கர்வம்!

அந்தக் கர்வத்தில் மாட்டிக்கொண்டு தவித்தவள் அவர் மனைவி குந்தவை. குத்தாலத்தில் அவளுடைய அம்மா கண் ஆபரேஷன் முடிந்து தனியாக இருந்தார். அடிக்கடி போய்ச் சமைத்து வைத்துவிட்டு வர வேண்டும். பஸ் மாறிப் போனால் அன்றே திரும்ப முடியாது.

“கிளட்ச் சரியில்ல குந்தவை. அவ்வளவு தூரம் தாங்காது.”

“உரக்கடைக்கு மட்டும் தாங்குதா?”

“உரக்கடை வேற, உங்க வீடு வேற.”

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. ஒரு நாள் காப்பியை வைத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

“மெக்கானிக் ஜாஃபர் சாதிக் அண்ணன்கிட்ட கேட்டேங்க. வீட்டுல வச்சு கிளட்ச் மாத்தறதெல்லாம் உங்களால ஆகாதாம்.”

“யாரு, அவன் சொன்னானா?”

“நான் விட்டுக்கொடுக்கலீங்க. ஆனா எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு.”

போதாதா? மறுநாள் காலை வண்டி களத்தில் ஜாக்கி மேல் நின்றது. தியாகராசன் சாமி கும்பிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அடியில் நுழைந்தார். பதர் மூட்டைகளை அடுக்கி அதன்மேல் கியர்பாக்ஸை இறக்கினார். தேய்ந்த கிளட்ச் பிளேட்டைக் கழற்றிப் புதியதை மாட்டினார். அதுவரை எல்லாம் ஜோர்தான்.

திரும்ப ஏற்றும்போதுதான் வந்தது வினை. புதிய பிளேட் நடுவாக உட்கார்ந்தால்தான் கியர்பாக்ஸின் தண்டு அதன் துளைக்குள் நுழையும். இவர் கண்ணளவில் மாட்டியிருந்தார். தள்ளினார், உலுக்கினார், முழங்கைத் தோல் உரிந்தது. சாயங்காலம் அடியிலேயே மல்லாந்து கிடந்தார். அவமானத்தில் கண் கலங்கிவிட்டது, பாவம்.

குந்தவை குனிந்து, தயிர் கடையும் மத்து ஒன்றை நீட்டினாள். அதன் காம்பில் துணி சுற்றியிருந்தது.

“பிளேட்டைத் தளர்த்தி, இந்தக் காம்பைத் துளையில விட்டு நேராக்கி முடுக்குங்க. அப்புறம் உருவிடுங்க.”

“கிளட்சுக்கு மத்தா? பைத்தியமா உனக்கு?”

“விட்டுத்தான் பாருங்களேன்.”

விட்டார். முடுக்கினார். உருவினார். கியர்பாக்ஸ் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது.

“நானும் இதைத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்” என்றார்.

“தெரியுங்க” என்றாள்.

மறுநாள் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். தியாகராசன் கை அலம்பிவிட்டு வருவதற்குள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“இறங்கு, இறங்கு! இது என் காலுக்குத்தான் கட்டுப்படும்.”

“தையல் கிளாஸ்னு போனேனே, அது டிரைவிங் ஸ்கூலுங்க. லைசென்ஸ் வந்து ரொம்ப நாளாச்சு. இந்தக் கிளட்சைத்தான் மிதிக்க முடியல.” மிதித்துப் பார்த்தாள். “இப்ப வெண்ணெயா இருக்கு. நல்லா மாத்தியிருக்கீங்க.”

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி குலுங்காமல் நகர்ந்தது. தியாகராசன் ஓடிப்போய்ப் பக்கத்து சீட்டில் தொற்றிக்கொண்டார். குந்தவை மத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“பத்திரமாப் பிடிச்சுக்குங்க. ஆபரேஷன் அப்பவே அம்மாகிட்ட கேட்டு வாங்கி, ஜாஃபர் அண்ணன்கிட்ட அளவு பார்த்துத் துணி சுத்தி வச்சேன். திருப்பிக் கொடுக்கணும்.”