லப்பெட் தட்டின் முன் ஒரு ஞானி

நல்ல புத்தகத்தைப் பாதி படித்தவனைப் போல ஆபத்தான ஆள் வேறு யாரும் இல்லை. ஒன்றுமே படிக்காதவன் சும்மா இருப்பான். முழுதாகப் படித்தவனும் பெரும்பாலும் சும்மா இருப்பான். பாதி படித்தவன்தான் அடுத்தவர் வீட்டுக்குப் போய் உபதேசம் செய்வான். நான் செய்தது, பெண் கேட்கப் போன வீட்டில்.

அப்போது நானும் அம்மாவும் யாங்கோனில் (பழைய ரங்கூன்) க்யிம்யிண்டைங் பக்கம் குடியிருந்தோம். எங்கள் பங்குச் சாமியார் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். சில நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவ அறிஞர், கடவுளைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் எழுதிவைத்த சிந்தனைகளைப் பர்மியத்தில் மாற்றித் தர வேண்டும். (எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழும், கண்ணில் ஏறாது. அதனால் பர்மியம்.)

அந்த அறிஞர் லேசுப்பட்டவர் இல்லை. மேசைமேல் மண்டையோட்டை வைத்துக்கொண்டு எழுதியவர். நாக்கை வென்றவன்தான் மனிதன், விருந்தில் முதலில் நீட்டப்படுவதை மறுத்துப் பழக வேண்டும் என்பது அவர் கட்சி. மூன்றாம் அத்தியாயத்துக்கு வருவதற்குள் நான் அரைத் துறவி ஆகிவிட்டேன். டீயில் சீனியை விட்டேன். மீன்குழம்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

"மூஞ்சிய இப்படி வச்சிக்கிட்டா எந்தப் பொண்ணுடா உன்னைக் கட்டும்?" என்றாள் அம்மா.

பெண் இருந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில், பெயர் செலின். அவளைப் பார்ப்பதற்காகவே ஞாயிறுதோறும் பஸ்ஸில் பாலம் தாண்டிப் போய் அந்த ஊர்க் கோயிலில் பூசை கண்டவன் நான். (இதற்கு அறிஞர் என்ன சொல்லியிருக்கிறார் என்று நான் தேடிப் பார்க்கவில்லை.) பூசை முடிந்ததும் அவளை நிறுத்திவைத்து அத்தியாயம் அத்தியாயமாக அறுப்பேன். அவளும் பொறுமையாகக் கேட்பாள். இவளை விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை என்று அப்போதே தெரியும். ஒருவழியாக அவள் அப்பா ஊ அந்தோணி எங்களை வரச் சொன்னார். (பெரியவர்களை ஊ போட்டும் இளவட்டங்களைக் கோ போட்டும் சொல்வது பர்மியரிடமிருந்து எங்களுக்கு வந்த மரியாதை.)

அவர்களிடமிருந்து எங்களிடம் ஒட்டிக்கொண்ட இன்னொன்று லப்பெட். ஊறவைத்த தேயிலை, வறுத்த பட்டாணி, பூண்டு, எள், பச்சை மிளகாய், எல்லாம் ஒரே தட்டில். எங்கள் வீடுகளில் சம்பந்தப் பேச்சு முடிந்ததும் அதை நடுவில் வைப்பார்கள். முதலில் மாப்பிள்ளை எடுக்க வேண்டும், பிறகு பெண்ணின் அப்பா. இருவரும் தின்றால் சம்மதம். ஒருவர் தின்னாவிட்டாலும் பேச்சு அதோடு சரி. இதெல்லாம் நான் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்ததுதான். ஆனால் செலின் தட்டைக் கொண்டுவந்து வைத்த நிமிடத்தில் எனக்கு அது சம்மதத் தட்டாகத் தெரியவில்லை. அறிஞர் சொன்ன சோதனையாகத்தான் தெரிந்தது.

"வேண்டாங்க," என்றேன். கண்ணை வேறு பாதி மூடிக்கொண்டேன்.

ஊ அந்தோணி என்னையே பார்த்தார். "தம்பி, சரியாப் பார்த்துச் சொல்லுங்க. இது லப்பெட்டு."

"தெரியுதுங்க. நாக்கு கேக்குறதையெல்லாம் குடுத்தா ஆத்துமா மெலிஞ்சு போயிரும்."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அதையும் தவமாக ஏற்றுக்கொண்டேன்.

"அப்ப எங்க வீட்டுப் பொண்ணு வேணாங்கிறீங்க," என்று சொல்லிவிட்டு ஊ அந்தோணி தட்டை எடுக்கக் கை நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் செலின் பேசினாள்.

"கோ அருள், அந்தப் புஸ்தகம் எழுதினவரு கல்யாணம் கட்டினாரா?"

"இல்லை."

"கட்ட நினைச்சிருந்தா லப்பெட்டைத் தின்னிருப்பாரு. தின்னுங்க."

தின்றேன். ஒரு வாய் போதும். ஆனால் இனி சந்தேகத்துக்கே இடம் வைக்கக் கூடாது என்று மேலும் மேலும் அள்ளினேன். மிளகாய் எது, பூண்டு எது என்று பார்க்கவில்லை. கண்ணில் நீர் கொட்டியது, விக்கல் எடுத்தது, நிறுத்தவில்லை. நிமிர்ந்தபோது தட்டில் ஒன்றும் இல்லை.

"இப்ப நான் எதைத் தின்னு சம்மதம் சொல்றது?" என்றார் ஊ அந்தோணி.

வீட்டில் வேறு லப்பெட் இல்லை. அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. (மிளகாய் என்று சொல்லி வைத்தேன்.)

ஊ அந்தோணி தட்டைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு பட்டாணி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் எடுத்து வாயில் போட்டார். அவருக்குப் பல் குறைவு. அந்தக் கன்னத்துக்கும் இந்தக் கன்னத்துக்குமாகத் தள்ளித் தள்ளி, என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டே மென்றார். இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றி அறிஞர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடைசியில் அவர் தொண்டை அசைந்தது.

"சரி," என்றார்.

நான்காம் அத்தியாயத்தை அதற்குப் பிறகுதான் படித்தேன். ஆசையை அடக்கியதைப் பிறர் பார்க்கக் காட்டிக்கொள்பவன், வயிறு முட்டத் தின்பவனைவிட மோசம் என்று அதில் எழுதியிருந்தார். (முதல் அத்தியாயத்திலேயே எழுதித் தொலைத்திருக்கலாம்.)

இன்றும் எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் லப்பெட் வைத்தாலும், "மாப்பிள்ளை கையைப் பிடிச்சுக்குங்க" என்று யாராவது குரல் கொடுக்கிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். செலின் சிரிப்பதில்லை. என்மேல் கோபம் வரும் நாட்களில், அடுப்படியில் நின்று சுவரைப் பார்த்துச் சொல்வாள்:

"எங்கப்பா அந்தப் பட்டாணியை இன்னும் கொஞ்ச நேரம் மென்னிருக்கலாம்."