அத்தைக்கு வாங்கிய பலாப்பழம்

நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பவன் நான். எந்தக் கோயில் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் (யாரும் கேட்பதில்லை). அப்பேர்ப்பட்டவனுடைய சொந்த வரலாற்றையே என் மச்சான் தயாளன் திரித்துவிட்டார். கல்யாணமானதிலிருந்து திருத்திக்கொண்டிருக்கிறேன். பலனில்லை.

அப்போது மஞ்சுளாவைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அல்சூரில் அவள் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம், அண்ணன் தயாளனைத் தவிர. கம்ப்யூட்டருக்கு முன்னாலேயே வளர்ந்தவன்போல் இருக்கிறேன் என்பது அவர் கவலை. என்னைக் கூட வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வதாக, குடகுப் பக்கம் ஒரு தேசியப் பூங்காவுக்கு நடைபயணம் கூட்டிப்போனார். அவர் சரி என்றால்தான் தட்டு மாற்றுவார்கள்.

வழியில் சாலையோரம் பலாப்பழம் குவித்திருந்தார்கள். வருங்கால மாமியார் வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போவதா? தயாளன் வண்டியில் தூங்கும்போது இறங்கி, நன்றாகப் பழுத்ததாக ஒன்று வாங்கினேன். காட்டின் மறுபக்கம் இறங்கித்தான் ஊர் திரும்பவேண்டும் என்பதால் பழமும் என் முதுகில் ஏறியது. இரண்டு துண்டுகளில் சுற்றியிருப்பதால் வாசனை வெளியே வராது என்பது என் கணிப்பு. பை, அலுவலக நண்பனிடம் இரவல் வாங்கியது. ஆடக்கூடாதென்று மார்புக் கிளிப்பையும் இடுப்புக் கிளிப்பையும் மூச்சுமுட்ட இறுக்கி, போதாததற்கு நைலான் கயிறும் கட்டியிருந்தேன்.

மூங்கில் புதர் திருப்பத்தில் யானை நின்றது. தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. மோப்பம் தயாளனைத் தாண்டி, கூட வந்த வழிகாட்டியைத் தாண்டி, நேராக என்னிடம் வந்து நின்றது.

"பேக் பிசாக்கி சார்," என்றார் வழிகாட்டி கன்னடத்தில், உதடு அசையாமல்.

"பையத் தூக்கிப் போடுங்க மாப்ள," என்றார் தயாளன். "அப்படி என்னதான் இருக்கு அதுல?"

"பலாப்பழம். அத்தைக்கு," என்றேன்.

கிளிப் கழலவில்லை என்பதுதான் நான் சொல்லவந்த அடுத்த வாக்கியம். அதற்குள் குரல் போய்விட்டது. இரண்டு கையாலும் மார்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். பார்த்தவர்களுக்குப் பையை இறுக அணைத்துக்கொண்டதுபோல் இருந்ததாம். சற்று நேரம் பார்த்த யானை, அதற்கே வெறுத்துப்போயிருக்க வேண்டும், திரும்பி மூங்கிலுக்குள் போய்விட்டது.

சிக்னல் கிடைத்ததும் தயாளன் வீட்டுக்குப் பேசினார். "அம்மா, யானை எதிர்ல நிக்குது, மனுஷன் உனக்கு வாங்கின பழத்த விடமாட்டேன்றாரு. பேசி முடிச்சிடலாம்."

கிளிப் மாட்டிக்கொண்டது என்று பக்கத்திலிருந்து கத்தினேன். "தன்னடக்கம் வேற," என்று போனில் சேர்த்துக்கொண்டார். அன்று மாலை கத்தரிக்கோலால் வெட்டித்தான் என்னைப் பையிலிருந்து பிரித்தார்கள். வெட்டியவரே தயாளன்தான். அவர் சொல்லும் கதையில் கத்தரிக்கோல் வருவதில்லை.

அன்றுமுதல் தண்ணீர் லாரிக்காரர் தகராறு செய்தாலும், மண்டபத்து மேனேஜர் முறைத்தாலும், குடும்பம் முன்னால் தள்ளுவது என்னைத்தான். போன மாதம் தொம்மலூரில் எங்கள் அடுக்ககத்து லிஃப்டை மறித்து ஒரு பெரிய நாய் படுத்திருந்தது. எனக்கு நாயென்றால் பயம் என்று அத்தையிடம் தெளிவாகவே சொன்னேன்.

"ஒண்ணும் பேசவேணாம். சும்மா போய் நில்லுங்க மாப்ள," என்றார்.

போய் நின்றேன். நாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, கொட்டாவி விட்டது, எழுந்து போய்விட்டது.

எனக்குப் பின்னால் தயாளன் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்.