எதிர்வீட்டு வில்லன்

செய்தித்தாளின் மறைவிலிருந்து எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த தொடர்கதை எழுத்தாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சக்கர நாற்காலியிலேயே வந்துபோகும் எதிர்வீட்டுக்காரர் எழுந்து நின்றார், அலமாரி உச்சியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார், மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

உடனே பத்திரிகை ஆசிரியருக்குப் போன் பறந்தது.

"கடைசி அத்தியாயம் கிடைச்சிடுச்சு சார். நாற்காலியில இருக்கிறவன்தான் வில்லன். எழுந்து நடக்கிறான், மாட்டிக்கிறான். ஏமாத்தாதேன்னு நீதி சொல்லி முடிக்கிறேன்."

"போன கதையில நடக்க முடியாத பொண்ணை, நல்ல மனசுக்குப் பரிசுன்னு ஓட வெச்சீங்க. வாசகர்கள் இன்னும் திட்டுறாங்க. மறுபடியும் அப்படின்னா தொடரையே நிறுத்திடுவேன்."

"இது நிஜம் சார். கண்ணால பாத்தேன்."

"அப்ப நிரூபிங்க."

எழுத்தாளரின் கதைகளில் கால் முடியாதவர் ஒன்று தெய்வப்பிறவி, இல்லையென்றால் போக்கிரி. எதிர்வீட்டுக்காரர் பால்காரரோடு சண்டை போடுகிறவர். ஆகவே தெய்வப்பிறவி இல்லை.

மறுநாள் எதிர்வீட்டுக்காரர் தெருவில் வரும்போது எழுத்தாளர் சாவிக்கொத்தை நழுவவிட்டு, எதுவும் அறியாதவர் போல வானத்தைப் பார்த்தபடி நின்றார். எடுக்கத் தாவுவான் என்று கணக்கு.

"சாவி உங்க வலது காலுக்குப் பக்கத்துல கிடக்கு சார். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றார் எதிர்வீட்டுக்காரர், அசையாமல்.

பலே கில்லாடி என்று எழுத்தாளர் பல்லைக் கடித்தார்.

அடுத்து, பார்வை போகும் திசை தெரியாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார். அந்தக் கால்களையே முறைத்துக்கொண்டு போனதில் விளக்குக் கம்பத்தில் முட்டி நெற்றி புடைத்தது.

எதிர்வீட்டுக்காரர் திரும்பினார். "பாத்து சார், அடுத்து ஒரு பள்ளம் இருக்கு."

மிரட்டுகிறான், சந்தேகமே இல்லை.

கடைசியாக ஒரு வழிதான் இருந்தது. நடக்கிறவன் செருப்பு தேய்ந்திருக்கும். எதிர்வீட்டு வாசலில் மண்டியிட்டு, ஒவ்வொரு செருப்பாகத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. எதிர்வீட்டுக்காரரின் தங்கை நின்றாள். பின்னாலேயே நாற்காலியும் வந்தது.

இனி மறைத்துப் பயனில்லை. "நீங்க எழுந்து நின்னீங்க" என்றார் எழுத்தாளர்.

"யார் சொன்னாங்க?"

"நானே பாத்தேன்."

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, பாத்தீங்க. கொஞ்ச நேரம் நிப்பேன், ரெண்டு மூணு அடி வைப்பேன். அதுக்கு மேல கால் தாங்காது. நாற்காலியில இருக்கிற நிறையப் பேர் இப்படித்தான் சார்."

எழுத்தாளருக்கு முகம் செத்துப்போனது. கடைசி அத்தியாயம் போயிற்று, தொடரும் போகப்போகிறது. அதைவிட வெட்கம்தான் அதிகமாகப் பிடுங்கித் தின்றது.

"மன்னிச்சிடுங்க. நீங்க நடிக்கிறீங்கன்னு நெனச்சுட்டேன்."

"பரவால்ல சார். நடிக்கிறவங்களுக்கும் ஏதாவது காரணம் இருக்கும்."

என்ன பெரிய மனசு என்று உருகியபடி எழுத்தாளர் கிளம்பினார். தங்கை ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா. நாற்காலிக்காகப் போட்ட சரிவு முடியுது, இனிமே தெரு."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்மா."

"தெரியும் சார். நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க, நாமளும் நம்புற மாதிரியே நடந்துக்கணும்னு அண்ணன் சொல்லியிருக்காரு."