திடகாத்திரமான சாட்சி

"ரெண்டு சாட்சி வேணும். ஆனா இவர் வேண்டாம்" என்றார் வக்கீல், மாஸ்டர் கூட்டி வந்திருந்த நண்பரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். வாழ்க்கையில் அவர் முழுசாக நம்பிய ஒரே ஆள் இந்த நண்பர்தான்.

"ஏன், இவனுக்கென்ன குறைச்சல்?"

"வயசுதான். உங்க காலத்துக்கு அப்புறம் உயில் கோர்ட்டுக்குப் போகும். இது நிஜ உயில்தான்னு கோர்ட் முத்திரை குத்தித் தரணும். புரொபேட்னு சொல்றது அதைத்தான். உங்க பையன் தகராறு பண்ணினா, சாட்சி கூண்டுல ஏறி 'என் கண்ணு முன்னாடிதான் கையெழுத்துப் போட்டார்'னு சொல்லணும். அன்னிக்கு இவர் இருக்கணுமே!"

நண்பர் இருமினார். நேரங்கெட்ட இருமல். அன்றோடு அவர் மாஸ்டரோடு நடைப்பயிற்சிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

மாஸ்டருக்கு இருந்தது ஒரே ஒரு மாடி வீடு. அதை மகளுக்கு எழுத வேண்டும். கல்யாணம் முறிந்து, ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள் அவள். "இனிமே இந்த வீட்ல கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது" என்று அன்றைக்கே சட்டம் போட்டவரும் அவர்தான். தான் கண்ணை மூடியதும் அண்ணன்காரன் அவளை அதே பெட்டியோடு தெருவில் நிறுத்திவிடுவானோ என்ற பயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

அடுத்து சலூன்காரர். இளவயசு, கல் மாதிரி உடம்பு. பாதிச் சவரத்தில் மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார். கத்தி நின்றது.

"சாட்சின்னா, உயில்ல எனக்கு ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"உனக்கு எதுக்குப்பா நான் எழுதணும்?"

"இத்தனை வருஷமா உங்க தலையைப் பார்த்துக்கிறேன். ஒரு கைக்கடிகாரம்கூடத் தோணலையா மாஸ்டர்?"

கத்தி கழுத்தில் இருந்ததால் மாஸ்டர் கடிகாரத்துக்கு உடனே சம்மதித்தார்.

"உயில்ல பங்கு இருக்கிறவர் சாட்சி போட்டா அவர் பங்கு போச்சு" என்று வக்கீல் சலூன்காரரையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். அதற்குள் சலூன் பெஞ்சிலிருந்து கிளம்பிய செய்தி மகன் காதுவரை போய்ச் சேர்ந்தது.

"உயில் எழுதறீங்களாமே? தாராளமா எழுதுங்கப்பா. நான் கோர்ட்ல பார்த்துக்கறேன்" என்று போனை வைத்தான்.

வக்கீல் அவசரப்படுத்தினார். "நாளைக்கே பதிவு பண்ணிடலாம். ஒரு சாட்சி உங்க டாக்டர். புத்தி தெளிவாத்தான் இருந்துச்சுன்னு அவர் சொல்லிடுவார். இன்னொருத்தரைத் திடகாத்திரமாப் பிடிங்க."

மாடியில் குடியிருந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் நினைவு வந்தது. அவரைக் கீழே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"வயசென்ன?"

"நாப்பத்திரெண்டு சார்."

"சுகர், பிரஷர்?"

"எதுவும் இல்ல சார்."

"தண்ணி, சிகரெட்?"

"தொடறதே இல்ல."

"வெளிநாடு போற யோசனை ஏதாவது?"

"இந்த வீட்டை விட்டே போற யோசனை இல்ல சார்."

மெக்கானிக்குக்கு வியர்த்துக் கொட்டியது. சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

"பரம திருப்தி" என்றார் மாஸ்டர். "அப்போ நாளைக்கு வந்து ஒரு கையெழுத்துப் போடறீங்க. உயிலுக்குச் சாட்சி."

மெக்கானிக்கின் முகம் விழுந்துவிட்டது. "அவ்வளவுதானா சார்?"

"கோர்ட்டுன்னா பயமா?"

"இங்க உட்கார்ந்திருக்கறதுக்கு அது பரவாயில்ல சார்."

மறுநாள் மகள்தான் காரோட்டினாள். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வழி நெடுக மிதித்துக்கொண்டே வந்தார். பின்சீட்டில் மெக்கானிக் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

பதிவு அலுவலகத்தில் மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். இனி யாரும் அவளைத் தெருவில் நிறுத்த முடியாது என்று நினைத்துக்கொண்டார். டாக்டர் போட்டார். பேனா மெக்கானிக்கின் கைக்குப் போனது.

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதிவாளர் சொன்னார்: "எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். சொத்து வாங்கறவங்களோட புருஷனோ பொண்டாட்டியோ சாட்சி போட்டாலும் அவங்களுக்கு எழுதினது செல்லாது. அப்படி யாரும் இங்க இல்லையே?"

"சேச்சே, அந்தப் பேச்சுக்கே இடமில்ல" என்றார் மாஸ்டர்.

மெக்கானிக் பேனாவை மூடி மேசையில் வைத்தார். வாசலோரம் நின்ற மகளைப் பார்த்தார். சொல்லிவிடுங்கள் என்பதுபோல அவள் தலையை ஆட்டினாள்.

"அப்போ நான் கையெழுத்துப் போடக் கூடாது, மாமா."