போஸின் அடக்கம்

இந்த வீட்டில் ஒரே ஒரு முடிவையாவது சொந்தமாக எடுத்துவிட்டுத்தான் சாவேன் என்று ஒரு சனிக்கிழமை காலையில் சபதம் போட்டேன். எனக்கு முந்திக்கொண்டு எங்கள் நாய் செத்துப்போனது.

அவன் பெயர் போஸ். எங்கள் பினாங்கில் போஸ் என்றால் முதலாளி. எந்த மாமாக் டீக்கடைக்குப் போனாலும் என்னை, "என்ன போஸ், தே தாரிக்கா?" என்பார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எனக்குக் கீழே இருப்பவர்களும் போஸ் என்பார்கள். ஜெலுத்தோங்கில் என் வீட்டுக் கேட்டைத் தாண்டினால் மட்டும் அந்தப் பதவி நாய்க்கு. "போஸ் சாப்பிட்டாச்சா?" என்று என் மனைவி சந்திரிகா உள்ளேயிருந்து குரல் கொடுக்க, "இன்னும் இல்லம்மா" என்று நான் பதில் சொல்லி அவமானப்பட்ட நாட்கள் உண்டு.

தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில், "போஸ் இறந்துட்டார், இன்னிக்கு ஓவர்டைம் வரல" என்று போட்டேன். எங்கள் மேனேஜர் வீட்டுக்கு மலர்வளையம் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

போஸுக்கு வயசாகிவிட்டது. கார் நிறுத்தும் இடத்தில், கேட்டுக்குப் பக்கத்து மூலையில், வழக்கமாகப் படுக்கும் இடத்திலேயே தூக்கத்தில் போய்விட்டான். சந்திரிகா அவன் தலைமாட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் சத்தம் போட்டால் நான் சமாளித்துவிடுவேன். பேசாமல் இருந்தால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அப்படியே தலையைக் குனிந்தேன். டைல்ஸ் தெரிந்தது.

போன மாதம்தான் போட்டது. இத்தாலி மார்பிள் மாதிரி. மாதிரிதான். ஆனால் குனிந்தால் முகம் தெரியும், அதுவும் நிஜத்தைவிடக் கொஞ்சம் அழகாகத் தெரியும். நாங்கள் இருப்பது வரிசை வீடு. மண் என்று ஒன்று இருப்பது அந்த டைல்ஸுக்கு அடியில்தான். நாயைப் புதைப்பதென்றால் டைல்ஸை உடைத்தாக வேண்டும். ஆகவே எரிப்பது என்று நான் முடிவெடுத்தேன். நானே எடுத்தேன்!

ஒரே ஒரு சிக்கல். நான் எதைச் சொன்னாலும் சந்திரிகா அதற்கு நேர்மாறாகச் செய்வாள். மழை வரும்போல இருக்கு என்றால் துணி காயப்போடுவாள். மீன் வாங்கட்டுமா என்றால் கோழி என்பாள், கோழி என்றால் மீன் என்பாள். வீட்டுக்கு நீல பெயிண்ட் கேட்டேன். வந்து பாருங்கள், மஞ்சளாக இருக்கிறது. எரிக்கலாம் என்று நான் வாயைத் திறந்தால் போதும், என் டைல்ஸ் காலி.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது.

பக்கத்து வீட்டு காஜா மொய்தீன் தெருமுனையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். போஸைத் தொடமாட்டார். ஆனால் தினமும் கடை மூடி வரும்போது சுவருக்கு மேலே எலும்பு போடாமல் வீட்டுக்குள் போகமாட்டார். கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"நேத்துப் போட்ட எலும்ப மோந்துகூடப் பாக்கல அண்ணே. அப்பவே எனக்கு மனசு சரியில்ல. இன்னிக்கும் எடுத்து வெச்சிட்டேன், இத இப்ப யாருக்குப் போடுறது?"

ஒரு தே தாரிக்கை ஆற்றி என் முன்னால் வைத்தார்.

"எரிக்கிறதா அண்ணே, அடக்கமா?"

"எரிக்கிறதுதான் பாய். அதனாலதான் புதைக்கணும்னு சொல்லப்போறேன்."

"புரியல லா."

"நான் புதைக்கணும்னு சொன்னா அவ என்ன சொல்லுவா?"

"எரிக்கணும்னு..." பாய்க்குக் கண் விரிந்தது. "யா அல்லா! அண்ணே, இவ்வளவு அடக்கமான மனுசனுக்குள்ள இவ்வளவு மூளையா?"

"வெளிய மூச்சு விடாதீங்க."

"நானா? என் வாய்லேருந்து வருமா லா?"

புக்கிட் மெர்தாஜாமில் செல்லப்பிராணிகளை எரித்துச் சாம்பல் தருகிற சீனர் ஒருவர் பாயின் வாடிக்கையாளர். பாயே நம்பர் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து போன் செய்து மத்தியானத்துக்கு வேன் சொல்லிவிட்டேன். திட்டத்தின் அழகை நினைத்து ரெண்டாவது ரொட்டி சானாய் சாப்பிட்டேன். என் தலையில் மண்ணைப் போட்டது அந்த ரெண்டாவது ரொட்டிதான். அதை நான் மென்றுகொண்டிருந்தபோது பாய் உள்ளே போய் வீட்டுக்குப் போன் பேசிவிட்டு வந்தார். வெங்காயம் பற்றி இருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தேன். நெஞ்சை நிமிர்த்தினேன்.

"சந்திரி, நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன். போஸை இங்கேயேதான் புதைக்கிறோம், அவன் படுத்த எடத்துலயே. டைல்ஸ் போனாப் போவுது. யார் என்ன சொன்னாலும் கேக்கமாட்டேன்!"

முடியாது என்ற சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"சரிங்க."

"என்னது?"

"சரின்னேன். நீங்க சொன்னா சரிதான்."

அந்தச் சொல்லை அந்தக் குரலில் நான் கேட்டதே இல்லை. எனக்கு வியர்த்தது.

"இல்ல சந்திரி... டைல்ஸ உடைக்கணுமே."

"போனாப் போவுதுன்னீங்களே."

"மழை பேஞ்சா தண்ணி நிக்கும்."

"யார் என்ன சொன்னாலும் கேக்கமாட்டேன்னீங்க. அந்த யாருல நீங்களும் சேத்திதான?"

"எரிச்சா சாம்பலக் கடல்ல கரைக்கலாம். அவனுக்குப் புண்ணியம்."

"குளிக்கறதுன்னாலே அவனுக்கு ஆகாதுங்க."

சரி, வேன் வாசலுக்கு வந்துவிட்டால் அவளால் மறுக்க முடியாது. தண்ணீர் குடிக்கிற மாதிரி சமையலறைக்குள் போய்ச் சீனருக்குப் போன் போட்டேன். சீக்கிரம் வாருங்கள் என்று கிசுகிசுத்தேன். அவர் மலாயில் ரொம்ப அன்பாகப் பேசினார். வேனை உங்கள் மனைவி அப்போதே வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள், வீட்டுக்காரர் துக்கத்தில் இருக்கிறார், மறுபடியும் கூப்பிடுவார், கண்டுகொள்ளாதீர்கள் என்றும் சொன்னார்கள் என்றார். கடைசியாக, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் போஸ் என்றார்.

திரும்பினேன். சந்திரிகா நின்றுகொண்டிருந்தாள். கையில் சுத்தியல்.

"இதத்தான தேடுறீங்க?"

"பாய் சொன்னாரா?"

"அவரு ஷஹீதாகிட்ட மட்டும்தான் சொன்னாராம். அவ என்கிட்ட மட்டும்தான் நம்பரோட சொன்னா."

ஷஹீதா பாயின் மனைவி. பாயின் வாயிலிருந்து எதுவும் வெளியே வரவில்லை. ஒரு வீட்டுக்கு மட்டும் வந்திருக்கிறது.

கோபப்படலாமா என்று யோசித்தேன். அதற்குள் சந்திரிகாவின் முகம் மாறிவிட்டது.

"ஏங்க, தீபாவளிப் பட்டாசுக்கே கட்டிலுக்கடியில போய் உங்க கைலியக் கவ்விக்கிட்டு நடுங்குவான். கற்பூரம் காட்டுனாலே வெளிய ஓடுவான். அவனப் போய் நெருப்புல வெக்கணும்னு உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. ஒவ்வொரு தீபாவளிக்கும் கட்டிலுக்கடியில் அவன் பக்கத்தில் படுத்திருந்தவன் நான்தான். துணைக்கு. அவனுக்குத் துணைக்குத்தான்.

சுத்தியலை வாங்கிக்கொண்டேன்.

முதல் டைல்ஸ் உடைந்தபோது நெஞ்சு வலித்தது. ரெண்டாவதை உடைக்கக் கையை ஓங்கியபோது அதில் நாலு கோடுகள் தெரிந்தன. புது டைல்ஸ் போட்ட அன்றைக்கே, படுப்பதற்கு முன்னால் வழக்கம்போல மூன்று சுற்றுச் சுற்றி, அவன் நகத்தால் இழுத்த கோடுகள். அதற்காக அன்று பூராவும் அவனோடு நான் பேசவில்லை. அந்த ஒரு டைல்ஸை மட்டும் உடைக்காமல் பெயர்த்துத் தனியாக எடுத்து வைத்தேன். பிறகு உட்கார்ந்து அழுதேன்.

"வேர்வை," என்றேன்.

"வேர்வை கண்ணுலயா வரும்?" என்று சந்திரிகா தன் துவாலையால் என் முகத்தைத் துடைத்தாள். அதே துவாலையால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

பாய் மண்வெட்டியோடு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மண்ணு நான் அள்ளிப் போடுறேன் அண்ணே," என்றார். இடுப்பில் ஒரு பொட்டலம் இருந்தது. குழிக்குள் அந்த எலும்பை வைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். அப்போதே அவரை மன்னித்துவிட்டேன். மன்னிக்காமல் இருந்தால் மீதிக் குழியை நானே தோண்ட வேண்டும்.

போஸைப் பழைய போர்வையில் சுற்றி இறக்கினோம். மேலே ஒரு செம்பருத்தி நடப்போவதாகச் சந்திரிகா சொன்னாள். அப்படியென்றால் கார்? கார் இனி ரோட்டில்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ரெண்டு செம்பருத்தியாகிவிடும்.

எதிர் வீட்டு ரமணி அக்கா பசாருக்குப் போய்விட்டு வந்தவர், மண்ணும் சுத்தியலுமாகக் கிடந்ததைக் கண்டு கேட்டில் எட்டிப் பார்த்தார். மண் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, பாயின் மண்வெட்டியை வாங்கி, மீதி மண்ணைக் குழிக்குள் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன சந்திரிகா, வீட்லயே அடக்கமா?"

"ஆமாக்கா. இது ரெண்டாவது."

"ரெண்டாவதா? மொதல்ல யாரப் பண்ணுன?"

சந்திரிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதோ, மண்வெட்டியோட நிக்கிறாரே."