மூன்றாவது மாடிக் குமிழ்

நான் எடுத்த எந்த முடிவும் எங்கள் வீட்டில் நிறைவேறியதில்லை. அதனால்தான் இந்த முடிவை ஆபீசில் எடுத்தேன்.

ஐந்து மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றுக்கு நான் மேனேஜர். லிஃப்ட் நின்றாலும் குழாய் ஒழுகினாலும் எல்லோரும் திட்ட வேண்டிய ஆள். புகார் வந்தால் "கவனிக்கப்பட்டது" என்று எழுதி மூடிவிடுவேன். கவனிப்பது வேறு, கவனிக்கப்பட்டது வேறு. மூன்றாவது மாடியை மட்டும் மூட முடியவில்லை. ஜன்னலோரத்தில் வேகிறதாம், சுவரோரத்தில் நடுங்குகிறதாம். தாள் தாளாக எழுதிப் பெட்டியில் போடுவது யாரென்றால், அங்கே வேலை பார்க்கும் என் மச்சினி.

"அந்த மாடியிலேர்ந்து இன்னும் ஒரு புகார் வந்தா, நீங்க புகாரை மூட வேண்டாம். கடையை மூடிட்டுக் கிளம்பிடுங்க" என்றார் கட்டட முதலாளி.

மறுநாளே அந்த மாடிச் சுவரில் ஒரு குமிழைப் பொருத்தினேன். ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள். 'ஏசியை உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம்' என்று பக்கத்தில் அறிவிப்பு. குமிழுக்குப் பின்னால் சுவர்தான். ஒரு ஒயர்கூடக் கிடையாது.

புகார் நின்றது. வெந்தவர்கள் ஒன்பதுக்குத் திருப்பினார்கள், நடுங்கியவர்கள் ஒன்றுக்குத் திருப்பினார்கள். இரண்டு பேருக்கும் இதமாக இருந்ததாம். மூன்று வாரம் ராஜா மாதிரி நடந்தேன். இன்று சாயங்காலம் மச்சினி ஒரு தாளை என் கையிலேயே திணித்துவிட்டுப் போனாள்.

'குமிழ் ஆடுகிறது. உடனே இறுக்கவும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்.'

உள்ளே ஒன்றும் இல்லை என்பதுதான் என் பயமே.

வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தேன். ரிமோட்டை எடுத்து ஏசியை இருபதில் வைத்தேன். சத்தமே போடாத புது ஏசி. இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான். மனைவி வழக்கம்போல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"என் வேலை போகப்போகுது."

"யார் சொன்னா?"

"உன் தங்கச்சி. அந்தக் குமிழ் டூப்பு. கழட்டிப் பார்த்தா நான் காலி."

"அவ அதை நீங்க மாட்டின அன்னிக்கே கழட்டிப் பார்த்துட்டா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்புறம் எதுக்கு இந்தத் தாள்?"

"தானா கழண்டு விழுந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே. அதான் இறுக்கச் சொல்லியிருக்கா."

"அவ யார்கிட்டயும் சொல்லலையா?"

"நான்தான் வேண்டாம்னேன். திருப்பிட்டுத் திருப்தியா இருக்காங்க, இருந்துட்டுப் போகட்டும். அத்தான் வேலையும் நிலைக்கும்னேன்."

போன உயிர் திரும்பி வந்தது. அவளைக் கும்பிடலாம் போல இருந்தது.

"உனக்கு எப்படி இவ்வளவு விவரம்?"

"எல்லாம் அனுபவம்தான்."

"என்ன அனுபவம்?"

அவள் என் கையைப் பார்த்தாள். கையில் ரிமோட் இருந்தது.

"அது நாம வித்துட்ட பழைய ஏசியோடதுங்க. புதுசோட ரிமோட் ரெண்டு வருஷமா என் பீரோவுல இருக்கு."

"அப்போ இந்தப் போர்வை?"

"உங்க திருப்திக்கு."

இரண்டு வருடமாக ஜில்லென்று இருந்த அந்த அறையில், எனக்கு அப்போதுதான் வியர்க்க ஆரம்பித்தது.