காரவள்ளி ரோட்டில் என்னைத் துரத்தும் பஸ்

காரவள்ளி,
சுபானு வருஷம், ஆனி மாதம்.

நாமக்கல் கோர்ட்டு வாசலில் மனு எழுதும் மச்சான் சின்னமுத்து அவர்களுக்குக் காரவள்ளி சாமியப்பன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. அறப்பளீஸ்வரர் புண்ணியத்தில் இவ்விடம் உங்கள் தங்கை கருப்பாத்தாளும் மாடு கன்றுகளும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அவ்விடத்துச் சுகத்துக்குப் பதில் போடவும். போடும்போது உறையை நன்றாக ஒட்டவும். இங்கே தபால் மூட்டை எந்த பஸ்ஸில் வருகிறது, அதை ஓட்டுகிறவன் எப்படிப்பட்டவன் என்பதெல்லாம் இதைப் படித்தால் உங்களுக்கே விளங்கும்.

வாசலூர்பட்டி செங்கோடன் மலையிலிருந்து சுமந்து இறக்கும் பலாப்பழங்களைச் சேந்தமங்கலம் சந்தைக்குக் கொண்டுபோவதற்காக நான் சைக்கிள் வாங்கியது உங்களுக்குத் தெரியும். அன்று முதல் பஸ் டிரைவர் சின்னக்கண்ணு என் உயிரின்மேல் கண் வைத்திருக்கிறான். முதலில் ஹாரனில் ஆரம்பித்தான். நான் கவனித்துப் பார்த்துவிட்டேன் மச்சான், மாட்டு வண்டிக்கு ஒரு தடவை அமுக்குகிறான், ஆட்டு மந்தைக்கு இரண்டு தடவை அமுக்குகிறான், என்னைக் கண்டால் மட்டும் கை வலிக்கிற வரைக்கும் அமுக்குகிறான். நான் நடு ரோட்டில் போகிறேனாம். இந்த ரோடு போட்டபோது என் காட்டிலிருந்துதான் மண் வெட்டிக்கொண்டு போனார்கள், அதை நடுவில்தான் கொட்டினார்கள், நான் கண்ணால் பார்த்தேன். என் மண்மேல் நான் போனால் இவனுக்கு என்ன வந்தது? ஆகவே நான் ஒதுங்குவதில்லை. அவனும் பின்னாலேயே ஊர்ந்து வருவான். பஸ் இப்போது யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிறது அல்லவா, பின்னால் இருக்கிற அடுப்புப் புகையோடு அது என்னைத் தொடர்ந்து வருவதைப் பார்த்தால் எமன் வாகனத்தை மாற்றிக்கொண்டானோ என்று தோன்றும்.

வைகாசியில் அவன் தந்திரத்தை மாற்றினான். உங்கள் தங்கையிடம் ஒரு புது சைக்கிள் மணி கொடுத்தனுப்பினான், சேலத்தில் வாங்கியதாம். ஒட்டும் இல்லை உறவும் இல்லை, எனக்கு எதற்கு இவன் மணி வாங்கித் தர வேண்டும்? ஒரு நாள் முழுக்க யோசித்த பிறகுதான் பிடிபட்டது. மணி அடித்தால் வளைவுக்கு அந்தப் பக்கம் நான் வருவது அவனுக்குத் தெரிந்துவிடும்! மணியைத் துணியில் சுற்றிக் குதிருக்குள் போட்டுவிட்டேன். அடுத்தது, மசங்கின நேரத்தில் ஆள் தெரிவதில்லை, பின் மட்கார்டில் ஒரு வெள்ளைத் துணி கட்டச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினான். வேட்டைக்காரன் வந்து வெள்ளைத் துணி கட்டிக்கொள் என்றால் மான் கட்டிக்கொள்ளுமா? இதை உங்கள் தங்கையிடம் கேட்டேன். அவள் அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். கரி போடுவதற்கென்று பஸ் நம் வீட்டுக்கு எதிரே நிற்கும்போதெல்லாம் அவன் இறங்கி வந்து என் சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறான். “ஏனுங்க, காத்து கம்மியா இருக்குதுங்க,” என்கிறான். என் காற்றின்மேல் இவனுக்கு என்ன அக்கறை?

போன சந்தை நாளன்றுதான் விஷயம் முற்றியது. செங்கோடன் கொடுத்த பெரிய பழங்கள் இரண்டைச் சைக்கிளின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். தூறல் போட்டது. புளியமரத்து வளைவில் இடது பக்கம் சேறாக இருந்ததால் வலது பக்கமாகத் திரும்பினேன். எதிரே பஸ். ஹாரன் அடிக்கக்கூட அவனுக்கு நேரமில்லை, அல்லது மனமில்லை. நான் பிரேக்கைப் பிடித்தேன், சைக்கிள் நின்றது, பலாப்பழங்கள் நிற்கவில்லை. பழங்களும் நானும் பள்ளத்தில் கிடந்து நிமிர்ந்து பார்த்தபோது ரோட்டில் பஸ்ஸைக் காணோம். பக்கத்துச் சாமைக் காட்டுக்குள் சக்கரம் புதைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. உள்ளே சனங்கள் ஒருவர்மேல் ஒருவர். காலையிலேயே சேந்தமங்கலம் போயிருந்த என் பெண்டாட்டியும் அதில் இருந்தாள் மச்சான். அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுந்து ஓட முயன்றேன், அடிபட்ட முழங்கால் விடவில்லை. கிடந்தபடியே அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

நல்லவேளை, யாருக்கும் பெரிய அடி இல்லை. டிரைவருக்கு நெற்றி கிழிந்திருந்தது. ரத்தத்தைத் துடைக்காமல் நேரே என்னிடம் ஓடி வந்து, “அடி பட்டுதுங்களா?” என்றான். திட்டவில்லை. குற்றம் இல்லாதவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டியிருக்க மாட்டானா? பிறகு என் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். அதையும் நான் குறித்துக்கொண்டேன். உங்கள் தங்கை இறங்கி வந்து, முந்தானையைக் கிழித்து அவன் நெற்றிக்குக் கட்டினாள், எனக்கு இல்லை. கட்டி முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, “உங்க ஒருத்தர் உசுரக் காப்பாத்தத்தானுங்க அத்தன பேரும் காட்டுல கெடக்கறோம்,” என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வருகிறது. அதையும் முதலில் நாய்க்கு ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன்.

ஆகவே கலெக்டர் துரைக்கு நீங்கள் ஒரு பலமான மனு எழுதித் தர வேண்டும். காரவள்ளி ரோட்டில் மோட்டார்கள் கண்மண் தெரியாமல் வருகின்றன, சைக்கிளில் போகும் குடியானவன் உயிரோடு வீடு திரும்ப வழியில்லை, சைக்கிள் கண்ணில் பட்டால் மோட்டார் நின்று, அது போன பிறகே நகர வேண்டும் என்று நன்றாக அழுத்தி எழுதுங்கள்.

அம்சவேணி அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகள் ரோட்டுப் பக்கமே போகாமல் நூறு வயது இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சாமியப்பன்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஒரு விஷயம் நடந்துவிட்டது. கோணிப்போன முன் சக்கரத்தைச் சரிபண்ணச் சேந்தமங்கலம் போக வேண்டியிருந்தது. கால் வலியோடு நடக்க முடியாது, வேறு வழியின்றி அந்த பஸ்ஸிலேயே ஏறினேன். சின்னக்கண்ணு என்னைத் தன் பக்கத்து ஸீட்டில் உட்கார வைத்தான், தப்பி ஓடாமல் பார்த்துக்கொள்ள இருக்கலாம். புளியமரத்து வளைவைத் தாண்டியதும் ஒரு ஆள் விறகுக் கட்டைக் குறுக்கே கட்டிக்கொண்டு நடு ரோட்டில் சைக்கிளில் வருகிறான் மச்சான். ஒரு அடி ஒதுங்கவில்லை. நானே எட்டி ஹாரனைப் பிடித்து அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன். அவன் நகராமல், நான் ஏதோ அவனைக் கொல்ல வந்தவன் மாதிரி என்னையே முறைத்துப் பார்த்தான். சின்னக்கண்ணு பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தி அவனுக்கு வழி விட்டான். இந்த மாதிரி ஆட்கள் தினமும் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டேன்.

“உங்களையும் சேத்துங்களா?” என்றான்.

ஆகவே மனுவில் மோட்டார் என்று வரும் இடத்தில் சைக்கிள் என்றும், சைக்கிள் என்று வரும் இடத்தில் மோட்டார் என்றும் மாற்றி எழுதிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். இன்னொன்று, அந்த விறகுக்காரன் தன்மேல் விடாமல் ஹாரன் அடித்த ஆளின் பேரில் மனு எழுத நாமக்கல்லுக்கு வருவதாகக் கேள்வி. வந்தால் எழுதிக் கொடுக்காதீர்கள். அவன் பார்வையே சரியில்லை.